டிவியில் போட்டால் ஓரம் காணாமல் போகும் வீட்டு டிவிடி: சரிசெய்யும் வழி

அக்காவின் கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றுவதற்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மண்டப வாசலில் வரவேற்கும் காட்சி வந்தது. இடது ஓரத்தில், சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்த தட்டை நீட்டியபடி அப்பாயி நின்றிருந்தார். முகம் முழுதாகத் தெரிந்தது. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். பதினைந்து வருடமாக அந்தக் கேசட்டை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறோம். அந்த இடத்தில் ஒரு தட்டும் வளையல் போட்ட ஒரு கையும் மட்டும்தான் வரும். யாருடைய கை என்று யாரும் கேட்டதே இல்லை.

டிவிடி பர்ன் செய்து ஹாலில் இருந்த 21 அங்குல டிவியில் போட்டோம். மறுபடியும் தட்டும் கையும்தான். முகம் இல்லை.

டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்து இன்னொன்று பர்ன் செய்தேன். அப்புறம் வேகத்தைக் குறைத்து மற்றொன்று. மூன்று டிஸ்க் வீணான பிறகுதான் புரிந்தது: படம் டிஸ்க்கில் முழுசாக இருக்கிறது, டிவிதான் அதன் ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. உங்கள் வீட்டு டிவிடியிலும் தலை வெட்டுப்பட்டு, கீழே போட்ட பெயர் பாதி மறைந்து வந்தால், தயவுசெய்து அடுத்த டிஸ்க்கை எடுக்காதீர்கள். முதலில் எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர், பிளேயர், டிவி என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். டிஸ்க்கைத் திரும்பப் பர்ன் செய்வது கடைசி வேலை. பாதிப் பேருக்கு அது தேவைப்படவே படாது.

ஏன் வெட்டுகிறது

பழைய படக்குழாய் டிவியில் எலெக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாக வருடித்தான் படம் போடுகிறது. வீட்டு மின்சாரம் ஏறி இறங்கினாலும், டிவி சூடேறினாலும், உள்ளே இருக்கும் பாகங்கள் பழசானாலும் அந்தப் படத்தின் அளவு கொஞ்சம் சுருங்கும் அல்லது விரியும். சுருங்கிவிட்டால் திரையின் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். அது தெரியக்கூடாது என்பதற்காகப் படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே வரையும்படி அமைத்தார்கள். முன்சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துபோகும் அந்த மிச்சத்துக்குத்தான் ஓவர்ஸ்கேன் என்று பெயர்.

எவ்வளவு ஒளியும்? பக்கத்துக்கு 5 சதவீதம் என்பது பழைய டிவிகளுக்குச் சாதாரணக் கணக்கு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நாலு பக்கமும் 5 போனால் அகலத்தில் 90, உயரத்தில் 90, அதாவது படத்தின் பரப்பில் 81 சதவீதம்தான் கண்ணுக்குத் தெரியும். மீதி 19 சதவீதம் வீடு வந்தும் பார்க்கக் கிடைக்காத படம். எங்கள் 21 அங்குல டிவியில் படத்தின் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். அதில் 5 சதவீதம் 2 சென்டிமீட்டர். அப்பாயியின் முகம் அந்த 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

தட்டையான எல்சிடி, எல்இடி திரைகளுக்கு இந்த ஏற்பாடு அவசியமே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அங்கே நிலையாக இருக்கிறது. ஆனாலும் ஒளிபரப்பிலும் கேசட்டிலும் ஓரங்களில் வரும் குப்பைக் கோடுகள் தெரியாமல் இருக்க, புது டிவிகளிலும் படத்தைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டும் வழக்கம் தொடர்ந்தது. நல்லவேளை, அவற்றில் இதை ரிமோட்டிலேயே நிறுத்திவிடலாம்.

முதல் வேலை: கம்ப்யூட்டரில் பாருங்கள்

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். விஎல்சி படத்தை ஓரம் வரைக்கும் அப்படியே காட்டும். ஆனால் அதிலும் ‘கிராப்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. வீடியோ மெனுவுக்குள் போய் அது ‘டிஃபால்ட்’ என்று இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். டிவியில் எந்தக் காட்சியில் வெட்டுப்படுகிறதோ அதே காட்சிக்குப் போய் நிறுத்தி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் டிவியில் அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு படம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கம்ப்யூட்டரிலும் வெட்டுப்பட்டே இருக்கிறதா? அப்படியென்றால் டிவியைக் குறை சொல்ல முடியாது. எடிட் செய்யும்போதோ டிவிடியாக மாற்றும்போதோ மென்பொருள் வெட்டியிருக்கிறது. இது அதிகம் நடப்பது போட்டோக்களை வைத்துச் செய்யும் ஸ்லைடுஷோவில். கேமராவில் எடுத்த போட்டோவின் வடிவம் வேறு, 16:9 என்ற அகலத் திரையின் வடிவம் வேறு. ‘ஃபில்’ என்று தேர்வு செய்தால் திரை நிரம்பும், ஆனால் பின்வரிசையில் நிற்பவர்களின் தலை மேலே போய்விடும். ‘ஃபிட்’ என்று மாற்றினால் பக்கத்தில் கறுப்பு வரும், தலை திரும்ப வரும். குடும்ப குரூப் போட்டோ என்றால் யோசிக்காமல் ‘ஃபிட்’ போடுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவுக்கும் இதேதான்.

கம்ப்யூட்டரில் முழுசாக இருந்து டிவியில் மட்டும் வெட்டுப்பட்டால், தொடர்ந்து படியுங்கள்.

எந்தப் பக்கம், எவ்வளவு

நோயைக் கண்டுபிடிக்க இந்தக் கேள்வி போதும். இரண்டு போன் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போயிருந்தால் அது ஓவர்ஸ்கேன்.

இடமும் வலமும் மட்டும் நிறையப் போயிருக்கிறது, மேலும் கீழும் அநேகமாகச் சரியாக இருக்கிறது என்றால், அகலத் திரைப் படத்தை 4:3 என்ற பழைய சதுர டிவி வடிவத்துக்குள் நிரப்புகிறார்கள் என்று அர்த்தம். அப்போது அகலத்தில் கால்வாசி போகும், பக்கத்துக்கு 12.5 சதவீதம். மாறாக, மேலும் கீழும் மட்டும் கால்வாசி போயிருந்தால் பழைய 4:3 படத்தை 16:9 திரைக்கு ஜூம் செய்து நிரப்பியிருக்கிறது. இந்த இரண்டும் வடிவக் கோளாறு. இவற்றுக்கு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம், அமைப்பை மாற்றினால் போதும். ஓவர்ஸ்கேனில் இவ்வளவு போகாது. கால்வாசி போனால் வேறு காரணம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்தே இருக்கும் வீடுகளும் உண்டு. முதலில் வடிவத்தைச் சரிசெய்துவிட்டு, மிச்சம் இருப்பதை ஓவர்ஸ்கேன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிளேயரில் பார்க்க வேண்டியவை

பிளேயர் ரிமோட்டில் ‘ஜூம்’ என்று ஒரு பட்டன் இருக்கும். குழந்தைகள் கையில் ரிமோட் போன வீடு என்றால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் அளவு மாறி, கடைசியில் ‘ஆஃப்’ என்று வரும். அங்கே விடுங்கள்.

அடுத்து ‘செட்டப்’ பட்டன். பல பிளேயர்களில் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது படத்தின் வடிவத்தை மாற்ற விடாது, அதனால் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். ‘டிவி டிஸ்ப்ளே’, ‘டிவி டைப்’, ‘டிவி ஆஸ்பெக்ட்’ என்று ஏதாவது ஒரு பெயரில் மூன்று தேர்வுகள் இருக்கும்: 4:3 பேன் ஸ்கேன், 4:3 லெட்டர்பாக்ஸ், 16:9. சிலவற்றில் பிஎஸ், எல்பி என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். உங்கள் டிவி அகலத் திரை என்றால் 16:9. பழைய சதுர டிவி என்றால் லெட்டர்பாக்ஸ். பேன் ஸ்கேன் என்பது அகலப் படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டிச் சதுரத்தை நிரப்புவது. வீட்டு வீடியோவுக்கு அது ஆகவே ஆகாது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும், ஆட்கள் எல்லோரும் உள்ளே இருப்பதுதான் முக்கியம்.

பிளேயருக்கும் டிவிக்கும் நடுவே இருக்கும் கேபிளையும் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள ஏவி கேபிள்தான் போட்டிருக்கிறீர்களா? பிளேயரில் ஹெச்டிஎம்ஐ இருந்தால் அதற்கு மாறுங்கள். படம் தெளிவாகும் என்பது ஒரு பக்கம். ஓரம் விஷயத்தில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது அடுத்த பகுதியில்.

டிவியில் பார்க்க வேண்டியவை

டிவி ரிமோட்டில் ‘ஆஸ்பெக்ட்’, ‘ரேஷியோ’, ‘பிக்சர் சைஸ்’, ‘ஃபார்மட்’, ‘வைடு’ என்று எழுதிய பட்டன் ஏதோ ஒன்று இருக்கும். அதில் வரும் ஜூம், சினிமா ஜூம், வைடு ஜூம் எல்லாமே படத்தை வெட்டுபவை. அவற்றிலிருந்து வெளியே வாருங்கள். 16:9 என்று வைத்தால் வடிவம் சரியாகும், ஆனால் ஓவர்ஸ்கேன் அப்படியே இருக்கும். அதை நிறுத்தும் தேர்வுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’. சாம்சங் பழைய மாடல்களில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’, புதியவற்றில் ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’. சோனியில் ‘டிஸ்ப்ளே ஏரியா’ என்ற தலைப்புக்குள் ‘ஃபுல் பிக்சல்’. பிலிப்ஸில் ‘அன்ஸ்கேல்டு’, ஷார்ப்பில் ‘டாட் பை டாட்’. வேறு சிலவற்றில் நேரடியாகவே ‘ஓவர்ஸ்கேன் ஆன், ஆஃப்’ என்று இருக்கும்.

தேடிப் பார்த்தும் அந்தத் தேர்வு மங்கலாகி, தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கிறதா? பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பல டிவிகளில் 720பி, அதாவது 720 வரிகள் கொண்ட ஹெச்டி, அல்லது அதற்கு மேற்பட்ட சிக்னல் வந்தால்தான் இந்தத் தேர்வு உயிர்பெறும். ஏவி கேபிள் வழியாக வரும் சாதாரண சிக்னலுக்கு டிவி அதைத் தருவதில்லை. அதனால்தான் ஹெச்டிஎம்ஐ கேபிளைப் போடச் சொன்னேன். கேபிளை மாற்றியதோடு நிறுத்தாமல் பிளேயரின் வீடியோ அமைப்புக்குள் போய் ஹெச்டிஎம்ஐ ரெசல்யூஷனை 720பி அல்லது 1080பி என்று வையுங்கள். இப்போது டிவி ரிமோட்டை எடுத்து அந்தத் தேர்வைப் பாருங்கள். வந்துவிடும்.

அது டிவி முழுவதற்கும் பொதுவாக மாறாமல், அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் மாறுவது வழக்கம். பிளேயரை வேறு துளையில் செருகினால் திரும்ப ஒரு தடவை அமைக்க வேண்டியிருக்கும்.

ஓவர்ஸ்கேனை நிறுத்தியதும் இரண்டு விஷயங்கள் புதிதாகக் கண்ணில் படலாம். ஒன்று, இடமும் வலமும் நூலளவு கறுப்புப் பட்டை. டிவிடியில் ஒரு வரிக்கு 720 புள்ளிகள் இருந்தாலும் கேசட் மாதிரியான அனலாக் படம் அதில் சுமார் 702 புள்ளிகளைத்தான் நிரப்பும், மீதி இரு ஓரங்களிலும் காலியாக நிற்கும். அது கோளாறு அல்ல. இரண்டாவது, பழைய 4:3 வீடியோவில் முகங்கள் அகலமாகிவிடுவது. அப்படியானால் பிளேயர் 4:3 படத்தை இழுத்து அனுப்புகிறது. அதன் அமைப்பில் ‘16:9 வைடு’ என்பதற்குப் பதில் ‘16:9 நார்மல்’ அல்லது ‘ஸ்க்வீஸ்’ என்பது போன்ற ஒரு தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

படக்குழாய் டிவியில் இதெல்லாம் கிடையாது. அதன் படத்தின் அகல உயரத்தை மாற்றும் அமைப்பு மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சர்வீஸ் மெனுவுக்குள் இருக்கும். நல்ல மெக்கானிக் ஓவர்ஸ்கேனைக் குறைத்துத் தருவார், முழுசாக எடுக்க முடியாது. பின்மூடியை நீங்கள் கழற்றவே கூடாது. படக்குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும்.

சோதனை டிஸ்க்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஓரம் போகிறது, அல்லது பார்க்கப்போகிறவர்களின் டிவியில் உங்கள் கை படாது என்றால், டிஸ்க்கைத்தான் டிவிக்குத் தகுந்தபடி செய்ய வேண்டும். அதற்கு முன் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்துச் செய்தால் இரண்டு மூன்று டிஸ்க் வீணாகும்.

அளவுப் படம் ஒன்றை நீங்களே வரையலாம். ஜிம்ப் போன்ற எந்தப் படம் வரையும் மென்பொருளிலும் 1920க்கு 1080 அளவில் வெற்றுப் பக்கம் திறந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செவ்வகங்கள் போடுங்கள். முதல் செவ்வகம் விளிம்பை ஒட்டி. 2.5 சதவீதச் செவ்வகத்துக்கு இடமும் வலமும் 48 புள்ளி, மேலும் கீழும் 27 புள்ளி உள்ளே தள்ளுங்கள். 5 சதவீதத்துக்கு 96, 54. 7.5க்கு 144, 81. 10க்கு 192, 108. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு கோட்டையும் ஒட்டி, நாலு பக்கமும், அதன் எண்ணை எழுதுங்கள். கோடு குறைந்தது 6 புள்ளி தடிமனாக இருக்கட்டும். மெல்லிய படுக்கைக் கோடு டிவிடியில் ஒரே வரியாகச் சுருங்கி, பழைய டிவியில் துடித்துக்கொண்டே இருக்கும், படிக்க முடியாது. நடுவில் பெரிதாக ஒரு வட்டம் போடுங்கள். டிவியில் அந்த வட்டம் முட்டை வடிவமாகத் தெரிந்தால் வடிவ அமைப்பு இன்னும் சரியாகவில்லை என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் வீடியோ 4:3 என்றால் பக்கத்தை 1440க்கு 1080 என்று எடுங்கள், இடவலத் தள்ளல் 36, 72, 108, 144 என்று மாறும், மேல்கீழ்க் கணக்கு அதேதான்.

இந்தப் படத்தை எடிட்டிங் மென்பொருளில் ஒரு நிமிட வீடியோவாக வைத்து, வழக்கமாக டிவிடி செய்யும் அதே முறையில் டிவிடியாக மாற்றுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்றால் பால் (PAL) என்ற டிவி முறை, 720க்கு 576. அமெரிக்கா, கனடாவில் இருக்கும் உறவினருக்கு என்றால் என்டிஎஸ்சி, 720க்கு 480. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் செய்யும். பர்ன் செய்ய டிவிடி ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அழித்து அழித்து எழுதலாம், சோதனைக்கு அந்த ஒரு டிஸ்க் வருடக்கணக்கில் போதும்.

டிவியில் போட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்து, நாலு பக்கமும் ஓரத்தில் கடைசியாகத் தெரியும் கோடு எது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே வெட்டினால் நடுவே ஓர் எண்ணைப் போடுங்கள், அந்தத் துல்லியம் போதும். படக்குழாய் டிவியில் நாலு பக்கமும் ஒரே அளவாக இருக்காது. எங்கள் டிவியில் இடது 5, வலது 3, மேலே 4, கீழே 4.

திரும்பப் பர்ன் செய்வது

கணக்கு சுலபம். இடதும் வலதும் சேர்த்து 8 போகிறது, 100இல் 8 போனால் 92. மேலும் கீழும் சேர்த்து அதே 8, அதுவும் 92. எடிட்டிங் மென்பொருளில் வீடியோவின் ‘ஸ்கேல்’ அளவை 100இலிருந்து 92க்குக் குறைத்தேன். சுற்றிலும் கறுப்பு வந்தது. இடதில் கூடுதலாக வெட்டுவதால் படத்தை வலப்பக்கம் ஒரு சதவீதம், அதாவது 720க்கு 7 புள்ளி, நகர்த்தினேன். டிவியில் போட்டபோது அந்தக் கறுப்பு முழுக்கச் சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. இடது ஓரத்தில், தட்டுக்குப் பின்னால், அப்பாயி நின்றார்.

அகலத்துக்கும் உயரத்துக்கும் வேறு வேறு எண் வந்தால் சிறிய எண்ணையே இரண்டுக்கும் வையுங்கள். தனித்தனியாகச் சுருக்கினால் ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ ஆகிவிடுவார்கள்.

எடிட்டிங் மென்பொருள் தெரியாதவர்கள் அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ‘ரீசைஸ்’, ‘ஆட் பார்டர்ஸ்’ என்ற இரண்டு ஃபில்டர்களை அடுத்தடுத்துப் போட்டும் இதைச் செய்யலாம். பால் டிவிடிக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு 656க்கு 528. அதைச் சுற்றி இடமும் வலமும் 32, மேலும் கீழும் 24 சேர்த்தால் சரியாக 720க்கு 576 வந்துவிடும். பக்கத்துக்கு நாலு முதல் நாலரை சதவீதம் வரை காலியாகிறது, பெரும்பாலான பழைய டிவிகளுக்கு இது பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, அவசியம் படியுங்கள். கேசட்டிலிருந்தும் பழைய டேப் கேமராவிலிருந்தும் வரும் வீடியோ இன்டர்லேஸ் முறையில் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் இரண்டு பாதிப் படங்கள் வரி விட்டு வரியாகப் பின்னியிருக்கின்றன, பால் முறையில் நொடிக்கு 50 பாதிகள். இதைத் தெரியாமல் உயரத்தைச் சுருக்கினால் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அசையாமல் நிற்பவர்கள் நன்றாக இருப்பார்கள். யாராவது கையை வீசினால், அட்சதை பறந்தால், அங்கே சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும், இரட்டை உருவம் வரும். அதனால் மென்பொருளில் அந்த வீடியோ இன்டர்லேஸ் என்றே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவிடெமக்ஸில் என்றால் சுருக்கும் ஃபில்டருக்கு முன்னால் ‘டிஇன்டர்லேஸ்’ ஃபில்டரைச் சேர்த்துவிடுங்கள். முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் அட்சதை போடும் காட்சி மாதிரி அசைவு அதிகமுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, சோதனை டிஸ்க்கில் எழுதி, டிவியில் பாருங்கள். போனில் எடுத்த வீடியோவுக்கு இந்தக் கவலை கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுருக்கிய படம் ஓவர்ஸ்கேன் இல்லாத டிவியிலும் கம்ப்யூட்டரிலும் புரொஜக்டரிலும் கறுப்புச் சட்டம் போட்டது மாதிரி தெரியும். 576 வரிகளில் 530 வரிகள்தான் படத்துக்குக் கிடைக்கும், தெளிவும் அந்த அளவு குறையும். அதனால் மூலப் பதிவைச் சுருக்கி, அதையே வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடாதீர்கள். முழு அளவு ஃபைல் ஹார்டு டிஸ்க்கில் தனியாக இருக்கட்டும். பழைய டிவி வைத்திருக்கும் உறவினருக்கு மட்டும் சுருக்கிய டிஸ்க் ஒன்று போட்டுக் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே டிஸ்க்தான் என்றால் 95 என்ற அளவு நடுவழி.

ஓரக் குப்பையும் எழுத்தும்

கேசட்டிலிருந்து மாற்றிய படத்தில் கீழே கடைசிச் சில வரிகள் கிழிந்து ஓடிக்கொண்டிருக்கும். விசிஆரின் (கேசட் பிளேயரின்) இரண்டு ஹெட்களும் மாறி மாறி டேப்பைப் படிக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. எல்லா விஹெச்எஸ் கேசட்டிலும் இருக்கும். ஓவர்ஸ்கேன்தான் இத்தனை வருடம் அதை மறைத்துவைத்திருந்தது. அதை நிறுத்தியதும் இது வெளியே வருகிறது. அந்த வரிகளை வெட்டி எடுத்துவிட்டுப் படத்தை இழுத்து நிரப்பாதீர்கள், அதன் மேல் கறுப்புப் பட்டை போட்டு மூடிவிடுங்கள். படத்தின் மற்ற வரிகள் இருந்த இடத்திலேயே இருக்கும், அதுதான் நல்லது.

புதிதாக எடிட் செய்கிறவர்கள் முதலிலேயே கவனிக்க வேண்டியது எழுத்துகளை. படத்தில் ஓரம் கொஞ்சம் போனால் பொறுத்துக்கொள்ளலாம், “செல்வி” என்பது “ல்வி” ஆகி, மணமகளின் பெயரே பாதியாக வந்தால் மனசு கஷ்டப்படும். டிவி நிலையங்களில் பழங்காலத்திலிருந்தே ஒரு விதி உண்டு: முக்கியமான அசைவு படத்தின் நடு 90 சதவீதத்துக்குள், எழுத்து நடு 80 சதவீதத்துக்குள். தட்டைத் திரைகள் வந்த பிறகு எழுத்துக்கு 90 வரை போகலாம் என்று தளர்த்தினார்கள். பழைய டிவியில் ஓடப்போகும் டிஸ்க்குக்கு நான் 80ஐத்தான் பிடித்துக்கொள்கிறேன். அநேகமாக எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் ‘சேஃப் ஏரியா’ அல்லது ‘சேஃப் மார்ஜின்’ என்ற பெயரில் இந்த இரண்டு கட்டங்களைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவைத்துக்கொண்டு, பெயர், தேதி, மண்டபத்தின் பெயர் எல்லாவற்றையும் உள்கட்டத்துக்குள் வையுங்கள். தமிழ் எழுத்தில் ‘கு’, ‘மு’ போன்றவற்றின் கால் கீழே இறங்கும், ‘கி’, ‘தீ’ போன்றவற்றின் மேல்வளைவு மேலே ஏறும். எழுத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்து வைக்காமல், காலும் மேல்வளைவும் கோட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

டிவிடியின் மெனுப் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். ‘முகூர்த்தம்’, ‘வரவேற்பு’ என்று பட்டன்களை அழகுக்காக ஓரத்தில் வைத்தால், பழைய டிவியில் பாட்டிக்கு அந்தப் பட்டனே தெரியாது. நடுவில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் சோதனை டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, எந்த வீட்டு டிவியில் எந்தப் பக்கம் எவ்வளவு என்று கவரின் மேலேயே எழுதிவையுங்கள். என்னுடைய கவரில் இப்போது நாலு வீட்டுக் கணக்கு இருக்கிறது. எங்கள் ஹால்: 5, 3, 4, 4. பெரியம்மா வீட்டு எல்இடி: ஹெச்டிஎம்ஐ இரண்டாம் துளை, ஜஸ்ட் ஸ்கேன், நாலு பக்கமும் 0. சித்தப்பா வீட்டில் 6, 6, 5, 7, மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். அக்கா வீட்டுக்கு அடுத்த வாரம் டிஸ்க்கை எடுத்துப் போகிறேன்.